மாட்டிய பிட்டை இழுக்கக் கூடாது

ஓய்வு பெற்றவனுக்கு வரும் போன்கள் பெரும்பாலும் கல்யாணம், காதுகுத்து, கருமாதி என்றுதான் இருக்கும். எனக்கு டிரில் மிஷினைப் பற்றி வருகிறது. "அண்ணே, பிட்டு மாட்டிக்கிச்சு, வரமாட்டேங்குது" என்று ஒரு குரல். பின்னால் நாலு பேர் மூச்சு வாங்கும் சத்தம். நாலு பேரும் மாறி மாறி இழுத்துப் பார்த்தாயிற்று என்று அதிலேயே தெரிந்துவிடும். சிலர் வீடியோ அனுப்புகிறார்கள். ஒருவன் மிஷினைக் காலால் மிதித்துக்கொண்டு, துளைக்கும் கம்பியான பிட்டைக் கட்டிங் பிளேயரால் பிடித்து, கிணற்றில் நீர் இறைப்பதுபோல் இழுக்கிறான். கடைசியில் ஆள் மல்லாக்க விழுகிறான். பிட்டு இருந்த இடத்திலேயே இருக்கிறது.

"டாக்டருக்குக்கூட இம்புட்டு போன் வராது" என்கிறாள் என் வீட்டுக்காரி. "வர்ற போனெல்லாம் இரும்பு சாமானுக்குத்தான். மனுசருக்கு ஒண்ணும் ஆகலையான்னு ஒருத்தனாச்சும் கேக்கானா?"

நான் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனி ஏழாயிரம்பண்ணைப் பக்கம் இருக்கிறது. அங்கே மெயின்டனன்ஸில் இப்போது இருக்கும் பையன்களுக்குப் புதிதாகப் பேட்டரி டிரில் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். அதிலும் முதல் வாரமே பிட்டை மாட்டிவிட்டார்கள். "எழுதிக் குடுங்கண்ணே, சுவத்துல ஒட்டிக்கிடுதோம்" என்று கேட்டார்கள். ஒரு பக்கத்தில் முடிக்கத்தான் உட்கார்ந்தேன். நீண்டுவிட்டது. சுவரில் எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவு ஒட்டிக்கொள்ளட்டும்.

சுவரில் ஓட்டை போடும் ஹேமர் டிரில்லில், பிட்டைக் கவ்விப் பிடிக்கும் மூக்குப் பகுதிக்குச் சக்கு என்று பெயர். பிட்டின் அடிப்பாகத்தில் பள்ளம் வெட்டியிருக்கும். சக்குக்குள் இரும்புக் குண்டுமணி இருக்கும். மணி பள்ளத்தில் விழுந்தால் பிடி. மேலே உள்ள வளையத்தைப் பின்னுக்கு இழுத்தால் மணி விலகும், பிட்டு கையோடு வரும். வேறு சூத்திரம் எதுவும் கிடையாது. சிமெண்டுத் தூசி உள்ளே போய் அடைத்தாலும், கிரீஸ் வைக்காமல் ஓட்டினாலும், அடிவாங்கி அடிவாங்கி பிட்டின் அடிமுனை உளித்தலைபோல் விரிந்துவிட்டாலும் மாட்டிக்கொள்ளும்.

மாட்டிக்கொண்டால் முதல் வேலை பிளக்கைப் பிடுங்குவது, பேட்டரி மிஷின் என்றால் பேட்டரியைக் கழற்றுவது. சிரிக்க வேண்டாம். கையில் விரல் குறைவாக இருக்கிற ஒருவரைப் பஜாரில் பார்த்தால் நின்று விசாரித்துப் பாருங்கள்.

இரண்டாவது, இழுக்கக் கூடாது. உள்ளே தள்ள வேண்டும். இழுக்க இழுக்கக் குண்டுமணி பள்ளத்தின் விளிம்பில் இறுகிக்கொண்டே போகும். வளையத்தைப் பின்னுக்குப் பிடித்துக்கொண்டு, பிட்டை உள்ளே ஓர் அழுத்து அழுத்தி, இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம் திருகினால், பாதிப் பிட்டுகள் அப்போதே வந்துவிடும். வராதவற்றுக்கு எண்ணெய். சக்கின் வாயில் நாலு சொட்டு விட்டு, மிஷினை மூக்கு மேலே பார்க்க நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போக வேண்டும். டீ குடிப்பதும் வேலைதான். எண்ணெய் உள்ளே இறங்குவதற்கு நேரம் வேண்டும். ஆனால் டீ குடிக்கும் மெக்கானிக்கைப் பார்த்தால் முதலாளிகளுக்கு வயிறு எரியும்.

அதற்கும் அசையவில்லை என்றால், மேஜையில் பதித்த இடுக்கியான வைஸில் இரண்டு பித்தளைத் தகடுகளை வைத்துப் பிட்டைக் கவ்வி, வளையத்தைப் பின்னுக்குப் பிடித்து, சக்கின் கழுத்தில் மரச்சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்ட வேண்டும். ஓங்கி அடிக்கக் கூடாது. கதவைத் தட்டுகிற மாதிரித் தட்ட வேண்டும். கடைசி வழி சூடு. ரப்பர் மூடியைக் கழற்றிவிட்டு, கழுத்துப் பகுதியை மட்டும் தீயைப் பீச்சும் ப்ளோ லேம்ப்பில் சுட்டால், இரும்பு ஒரு மயிரிழை விரிந்து வழிவிடும். மற்ற ஊர்களில் சூடு என்பது சாதாரண விஷயம். எங்கள் ஊர்ப் பக்கம் அப்படி இல்லை. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

நான் தொழில் பழகியது விருதுநகரில், பம்ப்செட் மோட்டார் கழற்றி மாட்டும் ஒரு ஒர்க்ஷாப்பில். அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மோட்டாரைக் கழற்றினேன், மாட்டினேன், திட்டு வாங்கினேன்.

ஒன்றே ஒன்று மட்டும் மறக்கவில்லை. மல்லாங்கிணற்றில் விவசாயம் பார்க்கும் ஒரு சம்சாரி மோட்டார் ரூம் சுவரில் ஓட்டை போட மிஷின் வாங்கி, பிட்டை மாட்டவைத்துக்கொண்டு ஆள் அனுப்பியிருந்தார். நான் பஸ்ஸைப் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் அவருக்குப் பொறுமை போய்விட்டது. மிஷினை வேப்பமரத்தில் சங்கிலியால் கட்டி, பிட்டைக் கயிற்றில் கட்டி, கயிற்றை டிராக்டரில் மாட்டி, டிராக்டரை எடுத்திருக்கிறார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். டிராக்டரும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். நான் போனபோது மரம் அப்படியே நின்றது. மிஷினின் உடம்பு மரத்தில் தொங்கியது. சக்கும் பிட்டும் பிரியாமல் புழுதிக்காட்டுக்குள் கிடந்தன.

"பிட்டு வந்திருச்சுல்லா" என்றார்.

"வந்திருச்சு மொதலாளி. சக்கும் சேந்து வந்திருச்சு."

"அதை மாட்டிக் குடுத்திருப்பா, அம்புட்டுத்தானே" என்றார். நான் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

பட்டாசுக் கம்பெனிக்கு வந்தபின் பழைய பழக்கம் பாதியை விட வேண்டியிருந்தது. பட்டாசு செய்யும் கொட்டகைகளான செட்டுகள் இருக்கும் பக்கம் இரும்புச் சுத்தியல் கூடாது. மரம், பித்தளை, செம்புதான். செருப்பைக் கழற்ற வேண்டும். ஒவ்வொரு செட்டு வாசலிலும் செம்புத் தகடு பதித்திருக்கும். அதை உள்ளங்கையால் தொட்டு, உடம்பில் இருக்கும் கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். டிரில் மிஷினுக்கு அந்தப் பக்கமே அனுமதி இல்லை. மெயின்டனன்ஸ் செட்டு கேட்டுக்குப் பக்கத்தில், எல்லாவற்றையும் விட்டுத் தள்ளி இருந்தது. சுற்றிலும் கரிசல் காடு. மழை பெய்தால் சோளம், பெய்யாவிட்டால் வேலிக்கருவை.

எங்கள் மேனேஜர் பொன்ராஜ் சார். ஒல்லியான ஆள். குரலை உயர்த்திப் பேசி ஒருவரும் கேட்டதில்லை. செம்புத் தகடு அவருக்குப் பழக்கமாகிப்போய், தகடு இல்லாத இடத்திலும் தொடுவார். வீட்டுக்குள் நுழையும்போது கதவு நிலையைத் தொடுவார். பேங்கில் கவுண்டரைத் தொடுவார். ஒரு கல்யாணத்தில் மேடை ஏறுவதற்கு முன் வாழைமரத்தைத் தொட்டதைப் பார்த்திருக்கிறேன். பக்திமான் என்று பெண் வீட்டார் பேசிக்கொண்டார்கள்.

அவரிடம் எல்லாருக்கும் பயம், ஒரே ஒரு சொல்லால். "நல்லது" என்பார். லீவு கேட்டாலும் "நல்லது", லோடு ஏறவில்லை என்று சொன்னாலும் "நல்லது". மனசுக்குள் ஒரு முடிவு எடுத்துவிட்டார் என்பதுதான் அதற்கு அர்த்தம். என்ன முடிவு என்பது மறுநாள்தான் தெரியும். ஒருவனுக்கு "நல்லது" சொன்ன மறுநாள் வேலை போனது. இன்னொருவனுக்குச் சொன்ன மறுநாள் சைக்கிள் வந்தது. அதனால் ராத்திரி பூராவும் தூங்க முடியாது.

கருப்பசாமி எங்களிடம் வந்தது ஒரு சீசன் முடிந்த சமயம். அதற்கு முன் மருந்து செட்டில் இருந்தான். மருந்து என்றால் பட்டாசுக்குள் வைக்கும் ரசாயனக் கலவை. சல்லடையில் சலித்துக் கலக்கும் வேலை. எல்லாராலும் முடியாது, கைப்பக்குவம் வேண்டும். கருப்பசாமிக்கு அது இருந்தது. மருந்து செட்டு ஆள்கள் சாயங்காலம் வேன் ஏறும்போது தலையிலிருந்து கால்வரை வெள்ளி பூசியதுபோல் இருப்பார்கள், அலுமினியத் தூளால். அவன் பெண்சாதி முத்துலட்சுமியும் அதே கம்பெனியில் காகிதக் குழாய் சுருட்டினாள். வேனில் பக்கத்தில் உட்காருவதற்கு முன் அவன் சட்டையை மோந்து பார்ப்பாள். வீட்டுக்குப் போய்க் குளித்து, உடுப்பை மாற்றாமல் பிள்ளையைத் தொடக் கூடாது என்று கட்டளை. கைப்பிள்ளை. அப்பனைக் கண்டதும் கையை நீட்டும். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குளிக்கப் போவானாம்.

அந்த வருஷம் வேறொரு ஊரில் ஒரு மருந்து செட்டு வெடித்து, முத்துலட்சுமியின் தம்பி போய்விட்டான். காரியம் முடிந்து வந்தவள் நேரே பொன்ராஜ் சார் ரூமுக்கு முன்னால் போய் நின்றாள். அழவில்லை.

"சார், எந்தம்பியச் சாக்குல கொண்டாந்தாக. இவரையும் அப்படி வாங்க என்னால முடியாது. கக்கூஸ் களுவுத வேலைன்னாலும் குடுங்க. மருந்து செட்டு வேண்டாம்" என்றாள்.

பொன்ராஜ் சாருக்கு அவனை விட மனசில்லை. அவனைப்போல் கை அடங்கிய ஆள் கிடைப்பது சிரமம். கடைசியில் ஒன்று சொன்னார். அடுத்த சீசன் தொடங்குகிறவரை மெயின்டனன்ஸில் இருக்கட்டும், வேலைக்கு ஆவான் என்று நான் சொன்னால் அங்கேயே இருக்கலாம், இல்லையென்றால் பழைய இடம். ஆக, ஒரு குடும்பத்தின் உயிரை என் வாயில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

வந்த ஆளோ டிரில்லைப் பிடிக்கத் தெரியாத ஆள். மருந்தைத் தொட்ட கை எதையும் அழுத்தாது. அது அவன் குற்றமில்லை. அழுத்தினால் செத்துப்போகும் இடத்தில் பழகியவன். சுவரில் பிட்டை வைத்து, தூங்குகிற பிள்ளையை எழுப்பப் பயப்படுகிறவன் மாதிரி நிற்பான். ஓர் ஓட்டைக்கு ஒரு பொழுது ஆகும்.

"ஏலே, தள்ளுலே. அது என்ன உம்மகளா, தாலாட்டிக்கிட்டு நிக்க?" என்பேன்.

"தள்ளுதேண்ணே" என்பான். மிஷின் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும்.

வீட்டிலும் முத்துலட்சுமி கட்டளையைத் தளர்த்தவில்லை. மெயின்டனன்ஸில் ஏது மருந்து, பிள்ளையைத் தூக்கினால் என்ன என்று கேட்டிருக்கிறான். "நெலைக்கட்டும், பொறவு பாப்போம்" என்று சொல்லிவிட்டாளாம். பழகிவிட்டு மறுபடி நிறுத்தினால் பிள்ளை ஏங்கிப்போகும் என்பது அவள் கணக்கு.

சீசன் நெருங்கியது. பெண்கள் உட்கார்ந்து சாப்பிட, எங்கள் செட்டுப் பக்கமாக ஓய்வுக் கூடம் ஒன்று கட்டிக்கொண்டிருந்தோம். ஆய்வுக்கு ஆள் வருவதற்குள் கூரை ஏற வேண்டும். கான்கிரீட் தூணில் சின்ன பிட்டால் முதலில் ஓட்டை போட்டு, பிறகு பெரிய பிட்டை மாற்றி அகலப்படுத்தி, போல்ட்டை இறக்க வேண்டும். சின்ன ஓட்டைகளைக் கருப்பசாமி போட்டான். அன்றைக்கு வழக்கத்தைவிட வேகமாகவே போட்டான். பரவாயில்லையே என்று நினைத்தேன். பிட்டை மாற்றப் போனால், வரவில்லை.

பிளக்கைப் பிடுங்கினேன். தள்ளினேன், திருகினேன். அசையவில்லை. எண்ணெய் விட்டேன். எண்ணெய் உள்ளே இறங்காமல் வாசலிலேயே குளம்போல் நின்றது. அதுதான் எனக்குப் புதிது. எவ்வளவு அடைத்திருந்தாலும் எண்ணெய் கொஞ்சம் குடிக்கும். இது குடிக்கவே இல்லை. ரப்பர் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே பழுப்பாக என்னவோ இறுகிப்போய் இருந்தது. கிரீஸ் வெந்து கெட்டியாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

"என்னலே பண்ணுன?"

"ஒண்ணும் பண்ணலண்ணே."

மிஷின் மாட்டிக்கொண்டால் எல்லாரும் இதைத்தான் சொல்வார்கள். ஒருவரும் ஒன்றும் செய்யாமலேதான் உலகத்தில் எல்லா மிஷினும் கெட்டுப்போகிறது. அதனால் நான் அதை நம்பவும் இல்லை, நம்பாமல் இருக்கவும் இல்லை. மிஷினை எங்கள் செட்டுக்குக் கொண்டுவந்து வைஸில் கவ்வி, சுற்றிச் சுற்றித் தட்டினேன். பிட்டு கல்லுப்பிள்ளையார் மாதிரி இருந்தது. மிச்சம் இருந்தது சூடு ஒன்றுதான்.

எங்கள் கம்பெனியில் நெருப்பு வேண்டும் என்றால் பொன்ராஜ் சாரைக் கூப்பிட வேண்டும். தீப்பெட்டிக்குப் பேர்போன பக்கம்தான். ஆனால் கம்பெனிக்குள் தீப்பெட்டி அவர் மேஜைக்குள் பூட்டிக் கிடக்கும். அவரே கொண்டுவந்து, அவரே பற்றவைத்து, அணைத்த குச்சியைத் தண்ணீரில் போட்டு எடுத்துக்கொண்டு போவார். அன்றைக்கும் வந்தார். வாசல் தகட்டைத் தொட்டார். மணல் வாளி இருக்கிறதா என்று பார்த்தார். தண்ணீர்த் தொட்டி நிறைந்திருக்கிறதா என்று கையை விட்டுப் பார்த்தார். தரையிலிருந்து புழுதி எடுத்துக் காற்றில் விட்டுப் பார்த்தார். காற்று செட்டுகளுக்கு எதிர்ப்பக்கம் போனது. என் சட்டைத் துணியை இரண்டு விரலால் பிடித்து, பருத்திதானா என்று பார்த்தார். மிஷினைப் பார்க்கவில்லை. அது என் வேலை.

நான் ப்ளோ லேம்ப்பில் காற்றடித்து, வைஸுக்கு நேரே முகத்தைக் கொண்டுபோனேன். கண் சரியாகத் தெரியாததால் கிட்டத்தில் குனிந்துதான் சுடுவேன். பொன்ராஜ் சார் தீப்பெட்டியைத் திறந்து குச்சியை எடுத்தார்.

"நெருப்பு வேண்டாம்ணே" என்றான் கருப்பசாமி.

திரும்பிப் பார்த்தேன். அவன் பொன்ராஜ் சாருக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றிருந்தான். உதடு வெளுத்துப் போயிருந்தது.

"உள்ள தாளு இருக்குண்ணே."

"என்ன தாளு?"

சொன்னான். சக்கு பழசு, ஆட்டம் கண்டிருந்தது. பிட்டு உள்ளே ஆடுவதால்தான் தனக்கு ஓட்டை சரியாக விழவில்லை என்று நினைத்திருக்கிறான். எங்கள் ஊரில் எது ஆடினாலும் தாளைச் சுற்றிப் பசை தடவுவார்கள். கட்டில் கால் ஆடினாலும் சரி, மண்வெட்டிக் காம்பு ஆடினாலும் சரி. பிறந்ததிலிருந்து கண்முன்னால் காகிதக் குழாய் சுருட்டுகிற ஜனம் வேறு எதைச் செய்யும்? பிட்டின் அடியில் மெல்லிய தாளைச் சுற்றி, மைதாப் பசை தடவி, சக்குக்குள் இறுக்கிச் செருகியிருக்கிறான். ஆட்டம் நின்றது, ஓட்டை வேகமாக விழுந்தது. ஓட்டிய சூட்டில் பசை வெந்து, மணியும் பிட்டும் சக்கும் ஒரே கட்டியாகிவிட்டது.

"குளாய் சுத்துனா காயுததுக்கு முன்ன கம்பிய உருவணும்லலே. ஒம் பொண்டாட்டி இதைக்கூடச் சொல்லித் தரலையா?" என்றேன். இன்னும் நான் விஷயத்தைப் புரிந்துகொள்ளவில்லை. தாள்தானே, கருகிப் போகும் என்றே நினைத்தேன்.

"அது வெறுந் தாளு இல்லண்ணே. பழைய செட்டுல சல்லடைக்குக் கீள விரிச்ச தாளு."

மருந்து சலிக்கும்போது கீழே விரிக்கும் தாளை, வேலை முடிந்ததும் தண்ணீர்த் தொட்டியில் போட்டு ஊறவைக்க வேண்டும். கண்டிப்பான சட்டம். ஒன்றை மடித்து வைத்திருந்திருக்கிறான்.

நான் ப்ளோ லேம்ப்பைக் கீழே வைத்தேன். அந்தச் சின்ன சக்குக்குள் எவ்வளவு மருந்து ஒட்டியிருக்கும் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஒன்றுமே ஆகாமலும் போயிருக்கலாம். ஆனால் நாலு பக்கமும் இரும்பு, வாசலில் அடைப்பு, அதற்கு நேரே என் கண். எல்லாம் வல்ல மாரியாத்தா என்று மனசுக்குள் சொன்னேன். நான் அவ்வளவாகக் கோயிலுக்குப் போகிறவன் இல்லை.

பொன்ராஜ் சார் குச்சியைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியைச் சட்டைப் பைக்குள் வைத்து, பையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"ஏன் வச்சிருந்த அந்தத் தாளை?"

"நல்ல தாளா இருந்துச்சு சார். உதறிட்டுத்தான் வச்சேன்."

"காலையில இருந்து கேக்காரே, ஏன் சொல்லல?"

"சொன்னா பழைய எடத்துக்கு அனுப்பிருவீக சார்."

"இப்ப மட்டும் ஏன் சொன்ன?"

கருப்பசாமி என்னைப் பார்த்தான். "அண்ணன் மூஞ்சி கிட்டக்க இருந்துச்சு சார்."

பிறகு நான்தான் மிஷினை வைஸிலிருந்து கழற்றினேன். எண்ணெய்க்கு மசியாதது ஏன் என்று இப்போது தெரிந்துவிட்டது. பசைக்கு மருந்து தண்ணீர். மருந்துக்கும் மருந்து தண்ணீர். மெக்கானிக்காக இருந்த இத்தனை வருஷத்தில் கரண்டு மிஷினைத் தண்ணீரில் இறக்கியவனை நான் ஆளாகவே மதித்ததில்லை. அன்றைக்கு நானே இறக்கினேன். பெரிய வாளி நிறையத் தண்ணீர் பிடித்து, மிஷினைத் தலைகீழாகப் பிடித்து, மூக்கு மட்டும் முங்கும்படி இரண்டு கட்டைகளுக்கு நடுவே தொங்கவிட்டேன். பசை சீக்கிரம் இளகச் சுடுதண்ணீர் நல்லது. கேட்டுக்கு வெளியே டீக்கடையிலிருந்து தூக்குச்சட்டியில் வாங்கிவரச் சொன்னேன். வெறும் சுடுதண்ணீர் எதற்கு, பாலையும் சேர்த்துக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனே என்றாராம் டீக்கடைக்காரர்.

ஊறுகிற வரைக்கும் பொன்ராஜ் சார் போகவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றார். பழுப்பாக ஒரு நூல் கரைந்து வெளியே வந்தது. வளையத்தைப் பின்னுக்குப் பிடித்து, இழுக்காமல் உள்ளே அழுத்தி, மெதுவாகத் திருகினேன். "க்ளுக்" என்று மணி நகர்ந்தது. பிட்டு கையோடு வந்தது. அதன் அடியில் ஊறிப்போன தாள், தோல் உரிவதுபோல் உரிந்தது. வெளுத்த தாளில் வெள்ளிப் பொடி மினுங்கியது. அதை எல்லாரும் பார்த்தோம். உதறினாலும் போகவில்லை, ஓட்டினாலும் போகவில்லை.

அப்போதுதான் பொன்ராஜ் சார் வாயைத் திறந்தார். "கருப்பசாமி, தப்பு பண்ணிட்டு, அதை நேரத்துல சொல்ற ஆளு மருந்து செட்டுல எனக்கு இல்ல. எல்லாரும் மறைக்கான். உன்ன மாதிரி ஆளுதான் அங்கன வேணும்" என்றார். திட்டவில்லை. நிஜமாகவே பாராட்டாகத்தான் சொன்னார்.

கருப்பசாமி ஈரத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ தெரியாது. "சார், கொஞ்சம் நில்லுங்க" என்றேன். அவரிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. "உம்மையச் சொன்னதுக்கு மருந்து செட்டுன்னா, நாளையிலேருந்து இந்தக் கம்பெனில ஒருத்தன் வாயத் தொறக்க மாட்டான். எல்லாரும் 'ஒண்ணும் பண்ணல'ன்னுதான் சொல்லுவான். நானும் லேம்ப்பப் பத்தவப்பேன். அப்பக் குறுக்க வந்து நிக்க ஆளு இருக்காது சார்."

"அவனுக்கு டிரில் பிடிக்கத் தெரியலன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"தெரியாதுதான். நான் பளக்கிக்கிடுதேன். மூஞ்சிக்கு முன்னால நிக்கத் தெரியுது, அது பளக்கி வராது சார்."

பொன்ராஜ் சார் என்னை ஒரு பார்வை பார்த்தார். வாசலுக்குப் போனார். தகட்டில் உள்ளங்கையை வைத்தார். வழக்கத்தைவிட அதிக நேரம் வைத்திருந்தார்.

"நல்லது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவ்வளவுதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது போல அதற்குள் ஒரு முடிவை மறைத்துவிட்டுப் போனார். நானும் கருப்பசாமியும் சக்கைப் பிரித்தோம். வளையத்தைப் பிடிக்கும் கிளிப், வளையம், ஸ்பிரிங், குண்டுமணி என்று கழற்றி, கழுவி, வெயிலில் காயவைத்து, மண்ணெண்ணெயில் துடைத்து, மொச்சைக்கொட்டை அளவு கிரீஸ் வைத்து மாட்டினோம். அவன் எல்லாவற்றையும் சரியாகச் செய்தான். சாயங்காலம் வேனில் முத்துலட்சுமி அவன் சட்டையை மோந்து பார்த்ததையும், அவன் அவள் காதருகில் என்னவோ சொன்னதையும், அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டதையும் பார்த்தேன்.

மறுநாள் காலையில் கேட்டுக்குள் வேன் வந்து நின்றது. கேட்டுக்கு உள்ளே பாதை இரண்டாகப் பிரியும். ஒன்று செட்டுகளுக்கு. இன்னொன்று எங்களுக்கு. ஜனமெல்லாம் போய்விட்டது. கருப்பசாமி மட்டும் பிரிவில் சாப்பாட்டுத் தூக்கோடு நின்றான். எந்தப் பக்கம் போவது என்று அவனுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

பொன்ராஜ் சார் வந்தார். கேட் கம்பியைத் தொட்டார். எங்களைப் பார்த்து, "ஓய்வுக் கூடத்துல இன்னும் பெரிய ஓட்டை போடலையா? எப்பப் போட்டு எப்பக் கூரை ஏத்துறது?" என்றார். நடந்துகொண்டேதான் சொன்னார்.

கருப்பசாமி ஓடினான். நாங்கள் தூணுக்கு ஏணி சாத்தினோம். அன்றைக்கு அவன் டிரில்லைத் தள்ளினான். ஏணி ஆடும்படித் தள்ளினான். மெதுவாப் போலே என்று நானே கத்த வேண்டியதாயிற்று.

மத்தியானம் மணி அடித்ததும் முத்துலட்சுமி வந்தாள். நடக்கவில்லை, ஓடிவந்தாள். முதலில் மருந்து செட்டுப் பக்கம் போய்ப் பார்த்திருக்கிறாள். அங்கே இல்லை என்றதும் எதற்கென்று தெரியாத பயத்தில் வந்திருக்கிறாள். கை நிறையப் பசை.

"எங்கண்ணே அவரு?"

மேலே காட்டினேன். கருப்பசாமி ஏணியில் நின்றான். தலை, புருவம், மீசை எல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தது.

"மேனேஜர் சொல்லிட்டாரு தாயி. இனி இவன் இங்கனதான்" என்றேன்.

அவள் என்னை நம்பினாளா என்று தெரியவில்லை. "எறங்குங்க" என்றாள் அவனிடம். இறங்கினான். தோளில் படிந்திருந்த தூசியை இரண்டு விரலால் எடுத்தாள். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தாள். வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், மினுங்குகிறதா என்று. மோந்து பார்த்தாள். அதுவும் போதாமல் நுனிநாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"சிமெண்டுதாண்ணே" என்றாள் என்னிடம்.

பிறகு அவனைப் பார்த்துச் சொன்னாள். "சாயங்காலம் குளிக்கப் போகாண்டாம். போனதும் பிள்ளையத் தூக்குங்க."